தேயும் நாணயமும் மெய்க் கணக்கும்

துணி வணிகன் ஒருவனிடத்துள்ள முழக்கோல், அவன் அறியாமலே, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறுகி வருவதாகக் கொள்வோம். தைத் திங்களில் நூறு முழமாக அளந்து வைத்த துணியை அவன் மார்கழியில் மீண்டும் அளப்பானாயின், அஃது இருநூறு முழமாகக் காணப்படும். துணி ஓரிழையும் வளர்ந்திலது, கோலே பாதியாயிற்று. ஆயினும் அவனது ஏடு நூறு முழம் வரவென்று கூறும். அளந்தவாறே எழுதினான், பொய்யெழுத்து ஒன்றேனும் இல்லை, எனினும் அவ்வேடு பொய்யேடாகும்.

பண்டங்களின் மதிப்பை அளக்கும் கோல் நாணயமன்றோ? விலைவாசி கடுகி ஏறுங்காலத்தே அக்கோல் குறுகுகின்றது. அத்தகைய காலத்தில் கணக்கை மெய்யாக வைப்பது எங்ஙனம் என்பதையும், சிறப்பாக முதலீடுகளின் உண்மை நிலையை அறிவது எங்ஙனம் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒரு பொருளை வாங்கிய நாளில் கொடுத்த விலையையே ஏட்டில் நிறுத்துவது பழைய வழக்கு. நாணயம் நிலைத்திருக்கும் வரையில் இவ்வழக்கில் பெருங் குற்றமில்லை. விலைகள் ஓராண்டில் இரட்டிப்பின் யாதாகும்? நெல் வணிகன் ஒருவன் ஆண்டின் தொடக்கத்தில் 1,000 காசுக்கு நெல் வாங்கி, ஆண்டின் இறுதியில் 1,800 காசுக்கு விற்கின்றான். ஏடு 800 காசு இலாபம் என்கின்றது. அவனும் மகிழ்ந்து, அதில் ஒரு பகுதியை வரியாகச் செலுத்தி, எஞ்சியதை இல்லத்துக்குச் செலவிடுகின்றான். பின்னர் முன்போல் அத்துணை நெல் வாங்கப் புகுங்கால், 2,000 காசு வேண்டுமென்பதையும் தன் கையில் 1,000 காசே உளதென்பதையும் காண்கின்றான். இலாபமென்று கருதி அவன் உண்டது தன் முதலையே. விதைநெல்லைக் குற்றியுண்ட உழவனுக்கும் இவனுக்கும் வேற்றுமை யாது?

இக்குறையைத் தீர்க்கக் கணக்கறிஞர் கண்ட வழி, எல்லாத் தொகைகளையும் ஆண்டிறுதி நாளின் காசாக மாற்றி எழுதுவதாம். இதற்குக் கருவியாவது விலைவாசிக் குறியீட்டெண். அவ்வெண் ஆண்டின் தொடக்கத்தில் 100 ஆகவும் இறுதியில் 200 ஆகவும் இருப்பின், தொடக்கத்தில் செலவிட்ட 1,000 காசு இறுதி நாளின் 2,000 காசுக்குச் சமமாகும். ஆகவே மேற்கூறிய வணிகனுக்கு நெல்லின் அடக்கம் 2,000, விற்பனை 1,800, மெய்யான பயன் 200 காசு நட்டம்.

நிற்க. எல்லாவற்றையும் இவ்வாறு பெருக்கிவிடலாமோ எனின், ஆகாது. ஐந்தொகையில் காணும் இனங்களை முதற்கண் இருவகையாகப் பிரித்தல் வேண்டும். கையிருப்புப் பணம், வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் ஆகியவை பண இனங்கள். இவை குறித்த எண்ணிக்கையுள்ள காசாகவே நிற்பன. ஆண்டிறுதியிலும் அவ்வெண்ணே அவற்றின் மதிப்பு. ஆதலின் இவற்றை மாற்றலாகாது. நிலம், கட்டடம், பொறி, சரக்கு முதலியவை பணமல்லா இனங்கள். இவற்றின் அடக்கவிலையையே, வாங்கிய நாளின் குறியீட்டெண்ணையும் இறுதிநாளின் குறியீட்டெண்ணையும் ஒப்பிட்டு உயர்த்தி எழுதுதல் வேண்டும். அங்ஙனம் உயர்த்திய தொகை அப்பொருளால் மீட்கக்கூடிய தொகையை விஞ்சுமாயின், மிகையைக் குறைத்தலும் கடனாம். சென்ற ஆண்டின் கணக்கை ஒப்புநோக்கக் காட்டுமிடத்து அதனையும் இவ்வாண்டின் காசாக மாற்றியே காட்டல் வேண்டும். இரு வேறு கோல்களால் அளந்தவற்றை ஒப்பிடுதல் வீண்.

இனி முதலீடுகளை நோக்குவோம். ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் 1,000 காசை நூற்றுக்கு 5 வட்டி தரும் கடன் பத்திரத்திலும், வேறு 1,000 காசை ஒரு சங்கத்தின் பங்குகளிலும் இட்டார் என்க. விலைகள் இரட்டித்தன. பத்திரம் பண இனம். ஆண்டிறுதியில் முதலும் வட்டியும் சேர்ந்து 1,050 காசே. தம் முதலைக் காக்க அவருக்கு 2,000 காசு வேண்டும். எனவே நட்டம் 950. பழைய ஏடோ 50 காசு வருமானம் என்று காட்டி அமையும். பங்குகள் சந்தையில் 1,700 காசுக்கு விலைபோகின்றன. இது இறுதிநாளின் விலையாதலின் இதனை மீண்டும் உயர்த்த வேண்டுவதில்லை. அடக்கத்தை மட்டும் 2,000 ஆக்கி ஒப்பிடல் வேண்டும். பழைய ஏடு 700 காசு ஆதாயம் என்ற இடத்தில், மெய்க்கணக்கு 300 காசு நட்டம் என்கின்றது. கடன் கொடுத்தோர் இழந்ததைக் கடன் வாங்கினோர் பெறுகின்றனர். அவ்வூதியமும் இலாப நட்டக் கணக்கில் வெளிப்படக் காட்டப்பெறல் வேண்டும்.

இவை ஏட்டளவில் எழுந்த கற்பனைகள் அல்ல. 1914ஆம் ஆண்டுப் போருக்குமுன் ஜெர்மனியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க்கு கொடுத்தல் போதியதாயிருந்தது. 1923 நவம்பரில் அதே டாலருக்கு 4,20,000 கோடி மார்க்கு வேண்டியிருந்தது. ஆயுள் முழுதும் சிறுகச் சேர்த்து அரசாங்கப் பத்திரத்தில் இட்டோர், ஓர் அப்பத் துண்டும் வாங்கவியலாத எண்களை உடையராயினர். ஈட்டின்மேல் கடன் பெற்றோரோ பயனற்ற தாளைக் கொடுத்து வீட்டை மீட்டுக் கொண்டனர். ஏடுகளில் அக்கடன் ஒரு காசும் குறையாமல் தீர்ந்தது! ‘மார்க்கு மார்க்கே’ என்னும் அக்கோட்பாட்டை அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 1923 நவம்பர் 28ஆம் நாள் ஒரு வழக்கில் ஏற்க மறுத்தது. 1925இல் பிறந்த சட்டங்கள் ஈட்டுக் கடன்களை அவற்றின் பொன்மதிப்பில் நூற்றுக்கு 25 ஆகவும், அரசாங்கப் பத்திரங்களை நூற்றுக்கு 2.5 ஆகவும் உயிர்ப்பித்தன. எஞ்சியது போனது போனதே.

வணிகர் கணக்கிற்கும் அங்கே மருந்து தேடினர். கொலோன் நகரப் பேராசிரியர் ஷ்மாலன்பாக் முதலியோர் ஏட்டுத் தொகைகளை நிலையான பொன்மதிப்பாக மாற்றும் முறைகளை வகுத்தனர். 1923 டிசம்பரில் இயற்றிய ஆணையொன்று, வணிகர் அனைவரும் 1924 முதற்கொண்டு பொன்மார்க்கில் புதிய தொடக்க ஐந்தொகை வகுக்கவேண்டுமென விதித்தது. அமெரிக்கரான ஸ்வீனி, ஐரோப்பியரின் இவ்வனுபவத்தை ஆராய்ந்து 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். 1989இல் அனைத்துலகக் கணக்கியல் நியமங்களுள் 29ஆவது இதற்கென்றே எழுந்தது. மூன்றாண்டுகளின் விலையேற்றம் ஒருங்கு சேர்ந்து நூற்றுக்கு நூறை நெருங்குதல் அல்லது கடத்தல், மக்கள் தம் செல்வத்தை உள்நாட்டு நாணயத்தில் வைக்க அஞ்சுதல் முதலிய குறிகளை அது கூறுகின்றது. இக்குறிகளைக் கொண்டு 2018இல் அர்ஜென்டினாவிலும் 2022இல் துருக்கியிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

இம்முறை இழந்ததை மீட்டுத் தருமோ எனின், தாராது. கண்ணாடி முகத்தைத் திருத்துவதில்லை. முகத்தில் உள்ளதையே காட்டுகின்றது. குறியீட்டெண்ணும் எல்லாப் பொருள்களின் சராசரியேயன்றி ஒவ்வொரு பொருளின் விலையன்று. ஆயினும் முதல் எது, இலாபம் எது என்று பிரித்துக் காட்டுதலே பேருதவி. அஃது இல்லையேல், முதலைத் தின்பவன் தான் தின்பதை அறியான்.

தாலந்துகளைப் பற்றிய உவமையில், ஒரு தாலந்தைப் புதைத்து வைத்து அவ்வாறே திருப்பிக் கொடுத்த ஊழியன் கடிந்துகொள்ளப்பட்டான். நாணயம் தேயுங்காலத்தில் அவன் செயல் அதனினும் குறைபாடுடையது. அவன் திருப்பியது எண்ணையேயன்றி மதிப்பை அன்று. பிறர் பொருளைப் பாதுகாக்கும் உக்கிராணக்காரர் யாவரும் இதனை உன்னுவாராக. கடுகிய ஏற்றம் இல்லாத நாடுகளிலும் நாணயம் மெல்லத் தேய்கின்றது. கல்லூரிகளில் முன்னோர் அன்புடன் நிறுவிய பரிசு நிதிகளை நோக்குமின்: ஒரு காலத்தில் ஏழை மாணவன் ஒருவனது ஓராண்டுக் கட்டணத்தைத் தாங்கிய வட்டி, இன்று ஒரு நூல் வாங்கவும் போதாமை காண்போம். ஏட்டில் அந்நிதி ஒரு ரூபாயும் குறைந்திலது. ஆனால் கொடுத்தவர் கருதியது ரூபாயின் எண்ணிக்கையன்று; அம்மாணவனின் படிப்பையே. அவர் கருத்தைக் காப்பதே மெய்க் கணக்காகும்.