இரண்டு வழிகள் திறந்திருக்கட்டும்

வீட்டில் தீப்பிடித்தால் இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியேற ஒன்று, தீயணைப்பாளர் உள்ளே வர மற்றொன்று. அந்தக் காலத்து அத்தாப்புக் குடிசை, சிங்கப்பூரின் கேலாங் லோரோங்குகளில், அதாவது கிளைத்தெருக்களில், வரிசையாக நிற்கும் கடைவீடு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி, தமிழ்நாட்டுக் கிராமத்துக் கூரை வீடு என எல்லாவற்றுக்கும் இது பொது. பல உயிர்களைக் கொண்டுபோன தீ விபத்துகள் பலவற்றில் இந்த இரண்டு வழிகளில் ஒன்றாவது அடைபட்டுக் கிடந்தது. அவற்றை நாள்தோறும் திறந்து வைத்திருப்பதே தீப்பாதுகாப்பில் பெரும்பகுதி.

கம்போங் காலத்துத் தீ

இன்று உணவகங்களும் தங்கும் விடுதிகளும் நெருங்கி நிற்கும் கேலாங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கம்போங்குகள், அதாவது கிராமக் குடியிருப்புகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள்தொகை பெருகியபோது, பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி எழுந்தன. அத்தாப்பு என்பது நீப்பா பனையின் ஓலை. மழைக்கு ஒதுங்கவும் வெயிலைத் தணிக்கவும் அதைவிட மலிவான கூரை கிடையாது. ஆனால் காய்ந்த ஓலைக்கு ஒரு பொறி போதும். விறகடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் அன்றாடம் எரிந்த வீடுகள் அவை.

1958 ஏப்ரலில் கேலாங் லோரோங் 3 பக்கம் இருந்த கம்போங் கூ சாய் எரிந்து, ஏறத்தாழ 2,000 பேர் வீடிழந்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் கம்போங் தியோங் பாரு எரிந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அன்று பிற்பகலில் புக்கிட் ஹோ சுவீயில் பரவிய தீ 2,800க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. நால்வர் உயிரிழந்தனர், சுமார் 16,000 பேர் வீடின்றி நின்றனர்.

தீ இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணங்கள் தெளிவானவை. எரியும் ஓலைத் துண்டுகளைக் காற்று அள்ளிக்கொண்டு போய் அடுத்த கூரையில் போட்டது. சந்துகள் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருந்தன. வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய மக்களால் அந்தச் சந்துகளும் நிறைந்தன. குழாயில் தண்ணீரின் அழுத்தம் போதவில்லை. தீயின் அபாயம் மக்களுக்குத் தெரியாமல் இல்லை. 1950களிலேயே பல கம்போங்குகளில் இளைஞர்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களை அமைத்து, முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஆனாலும் வழியே இல்லாத இடத்தில் அவர்களால் ஓரளவுக்குத்தான் செய்ய முடிந்தது.

புக்கிட் ஹோ சுவீ தீக்குப் பின் சிங்கப்பூரின் முகமே மாறியது. 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வீடிழந்தவர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குள் அடுக்குமாடி வீடுகளை எழுப்பித் தந்தது. ஓலையும் பலகையும் போய் கான்கிரீட் வந்தது. ஒரு வீட்டில் பிடித்த தீ ஊரையே எரிக்கும் காலம் மெல்ல முடிந்தது. ஒரு வீட்டுக்குள் பிடிக்கும் தீயின் கொடுமை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஓலைக் கூரையின் அபாயம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று நடந்தது தமிழர் எவருக்கும் மறக்காது. பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறையின் ஓலைக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான ஒரு படிக்கட்டு. 94 பிள்ளைகள் மாண்டனர்.

கடைவீட்டின் அமைப்பு

கடைவீடு முகப்பில் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் கட்டப்படுவது. கீழே கடை, மேலே குடியிருப்பு. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் பக்கவாட்டில் சன்னல் கிடையாது. முன்வாசலும் பின்வாசலுமே வழி. சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த டாக்டர் சிம்ப்சன் 1907இல் அளித்த அறிக்கை, இத்தகைய வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. காற்றும் வெளிச்சமும் வரவும் கழிவை அகற்றவும் அமைந்த அந்தப் பின்சந்து, ஆபத்து வேளையில் இரண்டாவது வாசலாகவும் ஆகிறது.

வாடகைக்காக உள்ளே தடுப்புகளை எழுப்பி அறைகளைக் கூட்டும்போது கடைவீட்டின் இந்த எளிய அமைப்பு குலைகிறது. பின்வாசல் பூட்டப்படுகிறது, சன்னல் மறைகிறது, மெல்லிய பலகைத் தடுப்பு தானே எரிபொருளாகிறது. 2014 டிசம்பரில் கேலாங் லோரோங் 4இல் ஒரு கடைவீடு தீப்பிடித்தபோது நான்கு மலேசியர்கள் உயிரிழந்தனர். வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், எங்கே தடுப்பு எழுப்பலாம் என்று சட்டம் வரையறுப்பது இதனால்தான். வாடகைக்கு அறை பார்க்கும் தொழிலாளி, கட்டிலையும் குளியலறையையும் பார்ப்பதற்கு முன் வெளியேறும் வழி எத்தனை, அவை பூட்டாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 8 காலை ரிவர் வேலி சாலையில் பிள்ளைகள் வகுப்புக்கு வந்திருந்த ஒரு கடைவீடு தீப்பிடித்தது. புகை சூழ்ந்த மூன்றாம் மாடியின் விளிம்பில் பிள்ளைகள் நின்றனர். அருகில் வேலை செய்துகொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்கள், சாரத்தையும் ஏணியையும் கொண்டுவந்து சுவரில் சேர்த்து, பிள்ளைகளைக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். மனிதவள அமைச்சு அவர்களைக் கௌரவித்தது. ஆயினும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. வழி அடைபட்ட வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு வழியை உண்டாக்கினார்கள் அந்தத் தொழிலாளர்கள். வீட்டுக்குள் இருக்கும் வழியைக் காப்பது வீட்டாரின் பொறுப்பு.

புகையே முதல் எதிரி

வீட்டுத் தீயில் பலர் உடலில் நெருப்புப் படும் முன்பே புகையால் இறக்கின்றனர். மெத்தை, நுரைத் திண்டு, பிளாஸ்டிக் ஆகியவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் வெளிப்படுகின்றன. இரண்டு மூன்று மூச்சிலேயே தலை சுற்றும். தூங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடலாம். சூடான புகை கூரையை நோக்கி எழும்பி அங்கிருந்து கீழே நிரம்பிவருவதால், தரையை ஒட்டித்தான் கொஞ்ச நேரம் நல்ல காற்று மிஞ்சியிருக்கும். குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியேற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தூங்கும்போதும் விழித்திருக்கும் காவலாள் தீ அலாரம். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளிலும் இது கட்டாயம். பழைய வீட்டிலும் பொருத்திக்கொள்வது நல்லது. வெளியேறும் வழியை ஒட்டிய உட்கூரையில் அதைப் பொருத்தி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீ பிறக்கும் இடங்கள்

கவனிப்பாரற்ற அடுப்பும் மின்கோளாறுமே வீட்டுத் தீக்கு முக்கியக் காரணங்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுக் கைத்தொலைபேசி ஒலித்ததென்று வரவேற்பறைக்குப் போவது சில நிமிட வேலைதான். அதற்குள் எண்ணெயிலிருந்து முதலில் மெல்லிய புகை கிளம்பும். பிறகு சட்டி தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய தவறு. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். சட்டியை நகர்த்தாமல் அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியைப் பக்கவாட்டிலிருந்து மேலே தள்ளி மூட வேண்டும். காற்று இல்லையென்றால் தீ அடங்கிவிடும். சட்டி ஆறும் வரை மூடியைத் திறக்கக் கூடாது.

எரிவாயு வாடை வந்தால் வால்வை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே வந்துதான் தொலைபேச வேண்டும். விளக்கு, மின்விசிறி எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. போட்டாலும் அணைத்தாலும் பொறி பறக்கும். பூசை மாடத்தில் குத்துவிளக்கும் ஊதுபத்தியும் திரைச்சீலையிலிருந்து தள்ளி, எரியாத தட்டின் மேல் இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும் முன் விளக்கைக் குளிரவைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

அண்மை ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் அபாயம் மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள்களின் லித்தியம் மின்கலம். அது எரியத் தொடங்கினால் வெடித்து, அடர்ந்த நச்சுப் புகையைக் கக்கும். சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனம் யூஎல் 2272 தரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அதை இரவு முழுதும் மின்னேற்றக் கூடாது, வாசலருகிலும் கூடாது. வாசலில் ஏற்றினால், எரியும் பொருளும் வெளியேறும் வழியும் ஒரே இடமாகிவிடும். ஒரே மின்செருகியில் பல சாதனங்களைச் சேர்ப்பதும், மெத்தை மேல் கைத்தொலைபேசியை மின்னேற்றுவதும் இதே வகை அபாயங்களே.

தாழ்வாரமும் வாசலும்

வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி, பூந்தொட்டி, பழைய சோபா, கட்டிவைத்த நாளிதழ் என்று ஒவ்வொன்றாகச் சேரும். நடக்க இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. தீயணைப்பாளர் முழு உடையில், முதுகில் காற்றுக்கலம் சுமந்து, கையில் நீர்க்குழாயுடன் வருகிறார். எதிரே ஒரு முதியவரை இருவர் தாங்கிக்கொண்டு வரலாம். இவர்கள் விலகிச் செல்லத்தான் அந்த அகலம்.

2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீடு தீப்பிடித்தபோது, நீர்க்குழாய்ச் சுருள் இருந்த அலமாரி பூட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. தண்ணீர் வரும் வழியையும் யாரும் அடைக்கக் கூடாது. இரும்புக் கதவின் சாவி, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தில், வாசலருகே தொங்க வேண்டும். புகையில் கண் தெரியாதபோது கை தானாக அங்கே போக வேண்டும்.

அந்த நிமிடங்களில்

தீ சிறிதாக, ஒரே பொருளில் இருந்தால் தீயணைப்பான் உதவும். அதன் ஊசியை இழுத்து, முனையைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். சிறிய தீயணைப்பான் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். அணைப்பவர் எப்போதும் வாசலைத் தமக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். அது தீர்ந்தும் தீ அணையவில்லை என்றால், எல்லாரும் வெளியேறிவிட வேண்டும்.

வெளியேறும்போது கதவை மூடிவிட்டு வரவேண்டும், பூட்டக் கூடாது. மூடிய ஒரு சாதாரணக் கதவு புகையையும் தீயையும் பல நிமிடம் தடுக்கும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. நகைக்கோ கடப்பிதழுக்கோ திரும்பிப் போகக் கூடாது. வழி மறிபட்டால், தீ இல்லாத அறைக்குள் போய்க் கதவை மூடி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி, சன்னலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாமல், முகத்தைக் கையால் மூடித் தரையில் படுத்து உருள வேண்டும்.

வெளியே வந்ததும் சிங்கப்பூரில் 995ஐ அழைக்க வேண்டும். கேலாங்கில் இடத்தைச் சொல்வதிலும் கவனம் தேவை. லோரோங்குகளில் ஒற்றைப்படை எண்கள் கேலாங் சாலைக்கு ஒருபுறமும் இரட்டைப்படை எண்கள் மறுபுறமும் இருக்கின்றன. வெறும் “கேலாங்” என்றால் போதாது. லோரோங் எண், கட்டட எண், மாடி, உள்ளே யாரேனும் சிக்கியிருக்கிறார்களா என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டு முகவரியை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால், வீட்டுப் பணிப்பெண்ணும் ஊரிலிருந்து வந்த பாட்டியும்கூடப் பதற்றமின்றிப் படித்துச் சொல்லலாம். தமிழ்நாட்டில் தீயணைப்புக்கு 101 அல்லது 112ஐ அழைக்கலாம்.

தீக்காயத்தின் மேல் பற்பசை, மாவு, பேனா மை எதையும் தடவக் கூடாது. குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முன்கூட்டிய ஏற்பாடு

தீ, புயல், வெள்ளம் எதுவானாலும் எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு தயார்நிலைப் பை வீட்டில் இருப்பது நல்லது. கைவிளக்கு, மின்கலம், சிறிய வானொலி, ஊதல், முதலுதவிப் பொருள்கள், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், கொஞ்சம் ரொக்கம், ஆவணங்களின் நகல்கள் வைத்த நீர்புகா உறை, கைத்தொலைபேசி மின்னேற்றி, முகக்கவசம் ஆகியவை அதில் இருக்கலாம். மருந்தின் காலாவதி நாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பையைவிட முக்கியம் குடும்பத்தின் உடன்பாடு. வெளியேற இரண்டு வழிகள் எவை, வெளியே எந்த மரத்தடியில் அல்லது எந்தப் புளோக்கின் கீழ் எல்லாரும் கூடுவது, நடக்க முடியாத தாத்தாவை யார் அழைத்து வருவது, கைக்குழந்தையை யார் தூக்குவது என்பவை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து வாசல் வரை எல்லாரும் சுவரைத் தொட்டபடி நடந்து பார்க்கலாம். வழியில் கால் இடறும் பொருள் எதுவோ, அதை மறுநாள் காலையில் அப்புறப்படுத்திவிட வேண்டும்.