கோப்பின் பெயரும் எண்ணும்

கொங்கு நாட்டில் ஒரு தோட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து கிரயத்துக்கு வாங்கியவருக்கும் கைமாறி, பட்டாவில் பெயர் எத்தனை முறை திருத்தப்பட்டாலும், நிலத்தின் சர்வே எண் அப்படியே நிற்கிறது. ஆயினும் அதே எண் அன்னூர்ப் பக்கத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் இருக்கக்கூடுமாதலால், கிராமத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னாலொழிய எந்த நிலம் என்று நிச்சயிக்க இயலாது. கணினியில் நாம் சேமிக்கும் கோப்புகளின் விஷயமும் ஏறக்குறைய இதுவே.

கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, 1971இல் முதற் கையேடு கண்ட யூனிக்ஸ் அமைப்பில், கோப்பு வேறு, அதன் பெயர் வேறு என்னும் சித்தாந்தம் வேரூன்றியது. கோப்பின் அளவு, உரிமையாளர், கடைசியாகத் திருத்திய நேரம், தகவல் வட்டில் கிடக்கும் இடம் ஆகிய யாவும் ‘ஐநோடு’ என்ற பதிவில் அடங்கும். பெயரோ அதில் இல்லை. கோப்புறையில் பெயரும் அதற்குரிய ஐநோடு எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஆதலால் ஒரே கோப்பு அமைப்புக்குள் பெயரை மாற்றினாலும் வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் எண் மாறுவதில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்கள் சூட்டவும் தடையில்லை.

செயலி ஒன்று ‘ஸ்டாட்’ என்னும் அழைப்பின் மூலம் விசாரிக்கும்போது, யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் லினக்ஸ், ஐநோடு எண்ணையும், அது எந்தக் கோப்பு அமைப்பைச் சேர்ந்தது என்று காட்டும் சாதன எண்ணையும் சேர்த்தே தெரிவிக்கிறது. காப்பு நகல் எடுக்கும் ‘டார்’ போன்ற செயலிகள், இரண்டு எண்களும் ஒத்திருந்தால் ஒரே கோப்பென்று தெளிந்து, அதன் உள்ளடக்கத்தை இருமுறை எழுதாமல் விடுகின்றன. லினக்ஸின் எக்ஸ்ட்4 வகைக் கோப்பு அமைப்பில் மூலக் கோப்புறையின் எண் எப்போதும் 2 ஆதலால், ஐநோடு எண்ணை மட்டும் நம்பிய செயலிக்கு அவ்வகை வட்டுகள் எல்லாவற்றின் மூலக் கோப்புறைகளும் ஒன்றாகவே தோன்றும்.

எண் நிரந்தரமானதும் அன்று. கோப்பை அழித்தால் அதன் எண் பிற்பாடு வேறொரு புதிய கோப்புக்கு வழங்கப்படலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு அளித்த மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒருங்கே குடியிருந்தன. அவ்விரண்டில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு, 64 பிட்டு அடையாள எண்ணில் 48 பிட்டைப் பதிவின் ஸ்தானத்துக்கும், மீதி 16 பிட்டை அந்த ஸ்தானம் மறுபடி வழங்கப்பட்டதைக் குறிக்கவும் ஒதுக்கி, பழைய எண் புதிய கோப்புக்குப் போகும் குழப்பத்துக்குப் பரிகாரம் தேடியது. பென் டிரைவில் காணும் ஃபேட் வகையிலோ ஐநோடே கிடையாது. லினக்ஸ் தானே ஓர் எண்ணைக் கற்பித்துச் சொல்கிறது, அடுத்த முறை செருகும்போது அது மாறிவிடவும் கூடும்.

ஆகவே, கோவைக் கல்லூரிகளில் செயலி எழுதப் பழகும் இளைஞர்கள், இரு கோப்புகள் ஒன்றா என்று அறிய இரண்டு எண்களையும் ஒப்பிடுவார்களாக. அவ்வெண்களை எழுதிவைத்து, பல நாள் கழித்தும் அதே கோப்பைக் காட்டும் என்று நம்பாதிருப்பார்களாக.