வகுத்துப் பாராமல் அறிந்த முதன்மை எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண் எனப்படும்; பகா எண் என்பதும் அதுவே. 7, 13, 31 என்பன அத்தகையன. சிறிய எண்ணாயின் வகுத்துப் பார்த்தே இத்தன்மையைத் தெளியலாம். பேரெண்ணாயின் என் செய்வது?

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்களையுடைய எண் கிடைக்கும். அது முதன்மை எண்ணே என்று 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதினார்; ஆயின் நிறுவிக் காட்டினாரல்லர். வகுத்தே சோதிக்க முயல்வோர், நொடிக்கொரு முறை வகுப்பினும், கோடிக்கணக்கான ஆண்டுகள் உழைத்தல் வேண்டும்.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் வேறொரு வழியால் மெர்சென் கூற்றை மெய்ப்பித்தார். பின்னர் அமெரிக்கரான லேமர் அவ்வழியை எளிதாக்கினார். ஐந்து இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த 31ஐ அதனாற் சோதிக்கலாம். 4இன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழிக்க 14. அதனையும் அவ்வாறே செய்ய 194. இதை 31ஆல் வகுக்க மீதி 8. அந்த எட்டின் வர்க்கத்தில் 2ஐக் கழிக்க 62; இது 31ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 31 முதன்மை எண். இரண்டுகள் ஐந்தாயின் மூன்று படிகள். 127 ஆயின் 125 படிகளே.

மெர்சென் கூறிய மற்றோர் எண், 67 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்தது. அது முதன்மை எண்ணன்று என்பதையும் லூக்காஸ் காட்டினார். அதன் காரணிகளோ அவருக்குத் தெரியா. 193707721, 761838257287 என்னும் அவ்விரண்டையும் 1903இல் அமெரிக்கரான கோல் வெளியிட்டார். பெருக்கிப் பார்ப்போர் எவரும் அவ்வுண்மையைச் சரிபார்க்கலாம்.