பழைய பிக்கப் வண்டியின் நடுக்கம்



காய்ச்சல் என்று ஒருவர் வந்தால், நல்ல வைத்தியர் எடுத்த எடுப்பில் மருந்து கொடுப்பதில்லை. எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று கேட்பார். பழைய பிக்கப் வண்டியில் உண்டாகும் நடுக்கத்தையும் அவ்வாறே விசாரித்தல் வேண்டும். விசாரியாது உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவோர் பணத்தை இழப்பர். சிலவேளை ஆபத்தான குறையையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவர்.

1953இல் வெளிவந்த மொறிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இயந்திரம் முன்னே இருக்கிறது; இயங்குவன பின்சில்லுகள். இயந்திரத்தின் சக்தி கிளச்சையும் கியர்ப் பெட்டியையும் கடந்து, வண்டியின் அடியில் நீளக் கிடக்கும் புரொப்பெல்லர் தண்டின் வழியே பின்னச்சை அடைகிறது. பின்னச்சு மேடுபள்ளங்களில் ஏறி இறங்குவதால், தண்டின் இரு நுனிகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு ஒவ்வொன்று உண்டு. இதனை யூனிவர்சல் ஜொயின்ட் என்பர்.

முதலாவது கேள்வி, நடுக்கம் எதனைப் பின்தொடர்கிறது என்பதாகும். வண்டியை நிறுத்தி, கியர் போடாமல், இயந்திரத்தை மாத்திரம் வேகமாக ஓடவிடுக. அப்போதும் நடுக்கம் தோன்றினால், குறை இயந்திரத்திலோ, அதனைத் தாங்கும் றப்பர்த் தாங்கிகளிலோ, கிளச்சிலோ இருக்கலாம். தோன்றாவிட்டால், சமதரையான வெறும் வீதியில் நடுக்கம் எழும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுக. இயந்திரம் முன்னிலும் விரைவாகச் சுழலும். சில்லும் தண்டும் முன்போலவே சுழலும். நடுக்கம் மாறாதிருப்பின், குறை கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ளது என்பது தெளிவு.

இரண்டாவது கேள்வி, நடுக்கம் எவ்வளவு விரைவானது என்பது. ரயரின் சுற்றளவு 2 மீற்றர் எனவும், பின்சில்லு ஒருமுறை சுற்றத் தண்டு 4 முறை சுற்றும் எனவும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 8 முறையும், தண்டு 33 முறையும் சுற்றும். ஆகவே, உடலைக் குலுக்கும் மெதுவான ஆட்டம் சில்லையும் ரயரையும் சுட்டும். காலடித் தகட்டில் இரைச்சலாய் எழும் விரைந்த அதிர்வு தண்டைச் சுட்டும். திசைதிருப்பும் வளையம் ஆடினால் முன்சில்லுகளைப் பார்க்க வேண்டும்.

தண்டு அதிர்வதற்குக் காரணங்கள் பல. அதில் நெளிவு விழுந்திருக்கலாம்; சமநிலைக்காக ஒட்டிய சிறு எடை கழன்றிருக்கலாம்; சேறு உறைந்திருக்கலாம். மூட்டின் இயல்பும் ஒரு காரணமாகும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் ஆராய்ந்த இம்மூட்டு, சாய்வாக இயங்கும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை விரைந்தும் இருமுறை தாழ்ந்தும் சுழற்சியைக் கொடுக்கும். இரு மூட்டுகளின் சாய்வும் ஒத்திருந்தால், ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும். தாங்கி தளர்ந்து இயந்திரம் சாய்ந்தாலோ, வில்லுத் தகடு முறிந்து பின்னச்சு திரும்பினாலோ அவ்வொற்றுமை கெடும். இக்காரணத்தால் பிக்கப்பைச் சுமையின்றியும் சுமையுடனும் ஓட்டிப் பார்த்தல் நன்று. சில வண்டிகளில் தண்டு இரு துண்டாய்ப் பல்லிணைப்பினால் பொருந்தியிருக்கும். அதனைக் கழற்றுமுன் இரு பாகத்திலும் வண்ணத்தால் அடையாளமிடுக. இடம் மாறிப் பூட்டினால் புதிய தண்டும் நடுங்கும்.

இனிக் கையால் பார்க்க வேண்டியது. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்துக. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் புகுதல் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, கியரையும் கைப்பிறேக்கையும் விடுவித்து, மூட்டின் இருபுறத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருப்புக. அசைவு தெரிந்தாலும், மூட்டைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தாலும், உள்ளே கிறீஸ் வற்றி ஊசிக் குண்டுகள் தேய்ந்துவிட்டன என்று கொள்க. வண்டி புறப்படும்போது கேட்கும் “டக்” என்ற ஓசையும் பெரும்பாலும் இதற்கே சான்றாகும்.

இவ்வோசையை அலட்சியம் செய்தலாகாது. ஓடும் வண்டியில் முன்மூட்டு முறிந்தால், தண்டின் நுனி வீதியில் குத்தி, வண்டியையே தூக்கி எறியவும் கூடும். பின்தட்டில் ஆட்கள் இருப்பின், விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? மூட்டு சிறியது, அதன் விலையும் கியர்ப் பெட்டியின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பமே. ஆதலால் நடுக்கம் தோன்றிய அன்றே, அது எதனைப் பின்தொடர்கிறது என்று கேட்டறிந்த பின்னரே திருகுசாவியைக் கையில் எடுப்போமாக.