நாளுக்கு இருபது வீடியோ: லாபம் யாருக்கு?

படப்பை, ஒரகடம் கடைவீதிகளில் அரிசி விலை, எண்ணெய் விலையோடு இப்போது யூடியூப் வருமானமும் பேச்சில் அடிபடுகிறது. "முகம் காட்ட வேண்டாம், குரல் கொடுக்க வேண்டாம், நாளுக்கு இருபது வீடியோ போட்டால் மாதம் லட்ச ரூபாய்" என்று சொல்லிப் பயிற்சி வகுப்பு நடத்துவோர் பெருகிவிட்டனர். வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். கடை முதலில் கை வைப்பதற்கு முன், இத்தொழிலின் வரவு செலவை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

தொழில் நடக்கும் விதம்

கதையைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும். படத்தையும் குரலையும் அதுவே தயார் செய்யும். பிள்ளை செய்வது, அவற்றை ஒட்டி யூடியூபில் ஏற்றுவது மட்டுமே. செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் அதே குறைந்த செலவில் அடுத்த தெருப் பையனும் அதே சரக்கைத் தயாரிக்கலாம் என்பதும் உண்மை.

பணம் வரும் வழி

சோப்பு, டீத்தூள், செல்போன் கம்பெனிகள் கொடுக்கும் விளம்பரப் பணத்தில்தான் பங்கு கிடைக்கிறது. அந்தப் பங்கைப் பெற 1000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் 12 மாதத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஷார்ட்ஸ் எனும் குறும்படங்கள் 90 நாளில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு நீண்ட வீடியோவுக்கு 55 சதவீதமும், ஷார்ட்ஸுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் தருகிறார்கள். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள்.

இதில் ஜெயித்தவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. 'பந்தர் அப்னா தோஸ்த்' என்ற இந்தியச் சேனலின் எந்திரக் குரங்குப் படங்கள் 200 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டதாக, கேப்விங் என்ற நிறுவனம் 2025ல் கணக்கிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரி தடை செய்யப்படும் வரை, பரிசு விழுந்தவர் பெயரைத்தான் கடை வாசலில் எழுதிப் போட்டார்கள். விழாதவர் பெயரை யாரும் எழுதவில்லை. வணிகர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

வாங்குபவர் ஒருவரே

2025 ஜூலை 15 முதல் யூடியூப் தன் விதியைத் தெளிவுபடுத்தியுள்ளது. சொந்த உழைப்பு இல்லாமல், ஒரே அச்சில் மொத்தமாகத் தயாரித்துத் தள்ளும் வீடியோக்களுக்குப் பணம் இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை. ஆனால் விதியை மீறினால் ஒரு வீடியோவுக்கு மட்டுமல்ல, சேனல் முழுவதற்குமே வருமானம் நின்றுபோகலாம்.

விலையை நிர்ணயிப்பவரும் சரக்கைத் திருப்பி அனுப்புபவரும் அந்த ஒருவரே. ஒரே வாடிக்கையாளரை நம்புவதன் ஆபத்தை நம் பகுதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. 2022ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது. பல கடைக்குச் சரக்குப் போடுபவர் ஒரு கடை மூடினாலும் பிழைத்துக்கொள்வார். ஒரே வாசலை நம்பியவருக்கு அது முடியாது.

வரிக் கணக்கு

இதைப் பலர் கவனிப்பதில்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சேவை வருமானமும் சேர்ந்தால் அந்த வரம்பு 20 லட்சம்தான். யூடியூப் பணம் சேவை வருமானம். பிள்ளையின் வருமானத்தைத் தந்தையின் பான் எண்ணில் வாங்கினால், கடை விற்பனையோடு சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

என்ன செய்யலாம்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மார்களும் 2018ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சமைத்து, முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறினார்கள். 2021ல் 1 கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் என்ற பெயர் எடுத்தார்கள். அதே ஆண்டு முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்ச ரூபாயும் கொடுத்தார்கள். அவர்களிடம் சொந்தச் சரக்கு இருந்தது. எண்ணிக்கையை அவர்கள் நம்பவில்லை.

மளிகைக் கடைப் பிள்ளைக்கும் சொந்தச் சரக்கு உண்டு. புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள வித்தியாசம், மிளகில் பப்பாளி விதைக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது, பருப்பில் வண்டு வராமல் காப்பது: இவற்றைக் கடையில் நின்றே வாரம் ஒரு வீடியோவாக எடுத்துப் போடலாம். பணம் வராவிட்டாலும் கடைக்கு வாடிக்கை கூடும்.

வேறு வழியில் முயலத்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், ஆறு மாதம் முயன்று பார்க்கட்டும். அவனுடைய போன், அவனுடைய நேரம், அவனுடைய பான் எண்ணாக இருக்கட்டும். பயிற்சிக் கட்டணம் கேட்பவரிடம், கடந்த ஆறு மாதத்தில் யூடியூபிலிருந்து அவருக்கு வந்த தொகையை வங்கிக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டத் தயங்கினால், அவருடைய வருமானம் வீடியோவில் இல்லை, நம் பிள்ளைகள் கட்டும் கட்டணத்தில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.