சாரல் விழாவும் கடல் கடந்த இசைவிழாக்களும்

சாரல் பருவத்தில் குற்றாலத்தில் அரசினர் நடத்தும் சாரல் விழாவில், அருவியில் நீராடிய ஈரத் தலையோடு வந்து அமரும் ஜனங்களின் முன்னே நையாண்டி மேளமும் கரகமும் பரதமும் அடுத்தடுத்து நிகழ்வதைக் காணும்போதெல்லாம், இவ்விழா வேறொரு தேசத்து இசைவிழாவுடன் உறவு கொண்டால் எத்துணை நலம் விளையும் என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு. இங்கிருந்து நால்வர் விமானமேறிச் சென்று ஒரு மாலை பாடித் திரும்புவதும், அங்கிருந்து நால்வர் வந்து பொன்னாடை பெற்றுச் செல்வதுமே அத்தகைய உறவு என்று பலர் கருதுகின்றனர். அது உபசாரம், கலைப் பரிவர்த்தனை அன்று.

உண்மையான பரிவர்த்தனைக்கு நம் தென்பாண்டிச் சீமையிலேயே உத்தமமான சாட்சி உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் என்னும் வயலின் வாத்தியத்தை முறையாகப் பயின்று, அதனை நம் சங்கீதத்துக்கு இசைவித்து, பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வானாக விளங்கினார். மேனாட்டார் மோவாயின் கீழ் இடுக்கி வாசித்த அவ்வாத்தியம், இங்கே சம்மணமிட்டு அமர்ந்த வித்வானின் தோளுக்கும் வலது கணுக்காலுக்கும் இடையே சாய்ந்து கொண்டு, விரல்கள் தடையின்றி வழுக்கிச் செல்ல இடந்தந்து, கமகங்களுக்கு உரியதாயிற்று. 1965ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமன் அதனை வாசிக்கக் கேட்டு வியந்த மேனாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின், அவருக்கு இத்தாலிய வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அந்த எடின்பரோ விழாவோ, இரண்டாம் உலக யுத்தத்தின் புண்கள் ஆறுமுன்னரே, 1947இல், பிளவுண்ட தேசங்களைக் கலையால் ஒன்றுகூட்டும் நோக்கத்துடன் தோன்றியது. எம்.எஸ். சுப்புலட்சுமியும் பாலசரஸ்வதியும் 1963இல் அங்கே சென்றிருந்தனர். மறுபுறம், அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து, தி. விசுவநாதனிடம் பயின்று, திருவையாற்று ஆராதனையிலும் பாடி, ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று ரசிகர்களால் அன்போடு அழைக்கப்பட்டார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் நடைபெற்று வரும் தியாகராஜ ஆராதனையோ நம் வித்வான்களை அழைப்பதோடு நில்லாமல், அங்கே வளரும் பிள்ளைகளுக்குப் போட்டிகளையும் நடத்துகிறது. இவற்றுள் நிலைத்து நின்ற பயன் யாவும் குருவின் முன்னே நெடுநாள் அமர்ந்து கற்றதனால் விளைந்தது என்பதே என் துணிபு.

ஆயினும் இப்பெருமையெல்லாம் சபா மேடைக்கே உரியதாக இருந்துவிட்டது. தென்காசி, நெல்லை வட்டாரத்துக் கணியான் கூத்தில், அண்ணாவி கதை பாட, பெண்வேடம் பூண்ட இருவர் ஆட, உச்சம், மந்தம் என மகுடம் என்னும் தோல்வாத்தியங்கள் இரண்டு அண்ணாவிக்குப் பின்னே முழங்கும். சாரலின் ஈரக் காற்றில் மகுடத்தின் தோல் தளர்ந்துவிடும். உடனே வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டி, விரலால் தட்டித் தட்டி நாதம் பார்த்து, மீண்டும் கையில் எடுப்பார்கள். மழை ஓயாத அயர்லாந்திலும் ஆட்டுத்தோல் போர்த்த பௌரான் என்னும் ஒருமுக வாத்தியம் உண்டு. அதனை வாசிக்கும் இளைஞர் ஒருவரை அந்நாட்டு விழாவொன்று இங்கே அனுப்பட்டும். சித்திரை, வைகாசிக் கொடை விழாக்களில் அவர் விடிய விடியக் கணியான்களுடன் இருந்து மகுடம் பயின்று, அதன்பின் வரும் சாரல் விழாவில் அண்ணாவியின் பின்னே நின்று அடிக்கட்டும். நம் மகுடக் கலைஞர் குடும்பத்துப் பிள்ளை ஒருவரும் அதே காலவரையறையில் அங்கே சென்று பயில்வதற்கு, விழா நடத்தும் அரசினரே செலவை ஏற்க வேண்டும்.