391/667: இந்தப் பின்னம் சுருங்குமா?

மாணவர்களே, 391/667 என்ற பின்னத்தைப் பாருங்கள். இதைச் சுருக்க முடியுமா?

வழக்கமாக 2, 3, 5, 7 எனப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்போம். இங்கே 2 முதல் 13 வரையிலான எந்தப் பகா எண்ணும் உதவாது. 17 ஆல் 391 மீதியின்றி வகுபடும், 667 வகுபடாது. "இது சுருங்காது" என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால், இது சுருங்கும்!

தொகுதிக்கும் பகுதிக்கும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதபோதுதான் ஒரு பின்னம் அதன் எளிய வடிவை அடைகிறது. ஆகவே, நமக்குத் தேவை மீப்பெரு பொதுக் காரணி. அதை ஊகிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

சீனாவில் ஹான் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்ட 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூலில் 49/91ஐச் சுருக்கும் கணக்கு உள்ளது. அந்நூல் சொல்லும் வழி இதுதான்: இரண்டு எண்களையும் பாதியாக்க முடிந்தால் பாதியாக்குங்கள். முடியாவிட்டால் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். இரண்டும் சமமாகும் வரை தொடருங்கள்.

91 − 49 = 42
49 − 42 = 7
42இலிருந்து 7ஐ ஐந்து முறை கழித்தால் 7

இப்போது இரண்டும் 7. அதனால் தொகுதியையும் பகுதியையும் வகுத்தால் விடை 7/13.

இது எப்படிச் சரியாகிறது? 91 என்பது 13 ஏழுகள். 49 என்பது 7 ஏழுகள். கழித்தால் மிஞ்சுவது 6 ஏழுகள். அதாவது, இரண்டு எண்களுக்கும் பொதுவான காரணி அவற்றின் வித்தியாசத்திலும் இருக்கும். 42ஐயும் 49ஐயும் கூட்டினால் மீண்டும் 91 வருவதால், புதிய பொதுக் காரணி எதுவும் இடையில் நுழையாது. எண்கள் சிறுத்துக்கொண்டே போகும். மீப்பெரு பொதுக் காரணி மட்டும் மாறாது.

கிரேக்க அறிஞர் யூக்ளிட் சுமார் கி.மு. 300இல் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' நூலின் 7ஆம் பகுதியிலும் இம்முறை உண்டு. திரும்பத் திரும்பக் கழிப்பதற்குப் பதிலாக வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை விரைவில் முடியும். நம் பின்னத்துக்கு வருவோம்.

667 ÷ 391, மீதி 276
391 ÷ 276, மீதி 115
276 ÷ 115, மீதி 46
115 ÷ 46, மீதி 23
46 ÷ 23, மீதி 0

கடைசியாக வகுத்த எண் 23. அதுவே மீப்பெரு பொதுக் காரணி. 391 ÷ 23 = 17; 667 ÷ 23 = 29. எனவே விடை 17/29.

கடைசியாக வகுத்த எண் 1 என்றால், அந்தப் பின்னம் இனிச் சுருங்காது என்று உறுதியாகச் சொல்லலாம். இணையத்தில் தகவல்களை மறைகுறியாக்கி அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. முறையிலும் யூக்ளிட்டின் வழி பயன்படுகிறது.

நீங்களே முயன்று பாருங்கள்: 437/551.

(விடை: 23/29)